ஆசானுக்கு ஒரு சிறு விமானம்

நன்றி என்னும் சொல்லை நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை சொல்லிவிடுகிறோம். பேருந்தில் இடம் தந்தவருக்கும் நன்றி, கடையில் சில்லறை தந்தவருக்கும் நன்றி. ஆனால், நம் வாழ்வின் போக்கையே மாற்றிய ஓர் ஆசானுக்கு நன்றி சொல்லும் வேளை வரும்போது அந்தச் சொல் போதவில்லை என்று உணர்கிறோம். ஒரு பொன்னாடையோ கைக்கடிகாரமோ வாங்கிக் கொடுத்துவிட்டு, மனக்குறையோடு வீடு திரும்புகிறோம். விமானம் ஓட்டப் பயில்வோர் சிலர் இதற்கு அழகிய வழி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். தாங்கள் பயின்ற அதே விமானத்தின் சிறிய மாதிரியைத் தங்கள் கையாலேயே செய்து, கற்றுத்தந்தவருக்குக் கொடுக்கிறார்கள். அதைப்பற்றி இங்கே சிந்திப்போம்.

அமெரிக்காவின் பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் பயன்படும் சிறு விமானம் செஸ்னா 172. அதில் இடப்பக்கம் மாணவர் அமர்கிறார், வலப்பக்கம் பயிற்றுநர். விமானத்தை இயக்கும் கருவிகள் இருவர் முன்னும் உண்டு. மாணவர் தடுமாறினால் அடுத்த நொடியே பயிற்றுநரின் கை உதவிக்கு வரும். அந்நாட்டின் பொதுவான விதிப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு விமானம் ஓட்ட உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 20 மணி நேரம் பயிற்றுநரிடம் பயின்றதாக இருக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். அன்றுதான் மாணவர் முதன்முறையாகத் தனியே பறக்கிறார். அவர் தரையிறங்கியதும், பயிற்றுநர் அவருடைய சட்டையின் பின்பகுதியை வெட்டியெடுத்து, பெயரையும் தேதியையும் எழுதிச் சுவரில் மாட்டுவது அங்கே பழைய வழக்கம். ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து பறந்த காலத்தில், பின்னால் இருந்த ஆசான் மாணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கவனத்தைத் திருப்புவாராம். இனி அந்தச் சட்டை நுனி தேவையில்லை என்பதே இதன் பொருள் என்பார்கள்.

மாணவரின் நினைவை ஆசான் இவ்வாறு சுவரில் மாட்டி வைக்கிறார். ஆசானின் நினைவுக்கு மாணவர் என்ன செய்வது? அதற்குத்தான் இந்தச் சிறு விமானம்.

செஸ்னா 172 விமானம் 1956-ஆம் ஆண்டு முதல் 44,000-க்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டுள்ளது. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் இதுவே. கடையில் வாங்கும் மாதிரி அத்தனை ஆயிரத்தில் ஏதோ ஒன்றைத்தான் குறிக்கும். ஆனால் ஒவ்வொரு விமானத்திற்கும் தனிப் பதிவெண் உண்டு. அமெரிக்க விமானமானால் 'என்' என்றும், இந்திய விமானமானால் 'விடி' என்றும் அது தொடங்கும். அந்த எண்ணைச் சிறு விமானத்தின் மேல் எழுதும்போதுதான், அது ஏதோ ஒரு விமானமாக இல்லாமல் 'நம் விமானம்' ஆகிறது.

எனவே வேலை பசையில் தொடங்குவதில்லை, நினைவில் தொடங்குகிறது. பறந்த நாளும் விமானத்தின் பதிவெண்ணும் விமானியின் பதிவேட்டில் இருக்கும். அதைக்கொண்டு, விமானத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்களைத் திரட்ட வேண்டும். எந்த ஆண்டு விமானம் என்பதையும் பார்க்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு மாடலில் வால் பின்னோக்கிச் சாய்ந்தது. 1963-ஆம் ஆண்டு மாடலில் பின்பக்கக் கண்ணாடி வந்தது. கற்றுத்தந்தவரின் கண் இதையெல்லாம் உடனே கண்டுகொள்ளும்.

உண்மை விமானத்தின் இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 11 மீட்டர். 48-இல் ஒரு பங்காகச் செய்தால் 23 சென்டிமீட்டர். 72-இல் ஒரு பங்கென்றால் 15 சென்டிமீட்டர். மேசைமேல் வைக்க முன்னதே ஏற்றது. பிளாஸ்டிக் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, வெட்டியெடுத்து, ஒட்டிய இடங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முன்சக்கரம் தரையில் பதியும்படி, ஒட்டி மூடுவதற்கு முன்பே மூக்கினுள் தூண்டில் ஈயம் வைக்க வேண்டும். சன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பசையே நல்லது; உடனே ஒட்டும் பசைகள் கண்ணாடியை மங்கச் செய்துவிடும். வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, காகித டேப் ஒட்டிக் கோடுகளை வரைய வேண்டும்.

பதிவெண்ணை, நீரில் நனைத்து ஒட்டும் தாளில் வீட்டு அச்சுப்பொறியிலேயே அச்சிடலாம். இங்க்ஜெட் மை நீரில் கரையும் என்பதால், முதலில் அதன்மேல் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். ஒட்டும் பரப்பும் பளபளப்பாக இருக்க வேண்டும். இல்லையேல் அடியில் காற்று தங்கி எழுத்தைச் சுற்றி வெண்மை தெரியும். இறுதியாக ஒரு மரப்பீடம்; அதில் ஆசானின் பெயரும், அவர் இறங்கி நின்ற அந்த நாளின் தேதியும். வலப்பக்க இருக்கையைக் காலியாகவே விட்டுவிட வேண்டும். அதன் பொருள் அவருக்குப் புரியும்.

இத்தனைக்கும் சில வாரங்கள் ஆகலாம். பரிசின் மதிப்பு அந்த வாரங்களில்தான் இருக்கிறது. ஓர் ஆசான் எண்ணற்ற மாணவர்களை வானுக்கு அனுப்பிவிட்டுத் தரையில் நிற்கிறார். அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? தாம் கொடுத்தது நினைவில் இருக்கிறதா என்பதே தெரியாமல் பல ஆசான்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். நாம் அவர்களைத் தேடிச் செல்லும்போது, சில வேளைகளில் காலம் கடந்துவிடுகிறது.

நம்மில் பலர் விமானம் ஓட்டியதும் இல்லை, மாதிரி செய்யத் தெரிந்தவர்களும் அல்லர். ஆனால் நமக்கும் ஒருவர் எழுதக் கற்றுத்தந்தார். ஒருவர் தொழில் சொல்லித்தந்தார். ஒருவர் நம்மை நம்பித் தம் இடத்தைவிட்டு விலகி நின்றார். 'எல்லாவற்றிற்கும் நன்றி' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாளில், எந்தப் பாடத்தில், எந்தச் சொல்லால் அவர் நம்மை உருவாக்கினார் என்று நினைத்துப் பார்த்துச் சொல்வோம். அதைக் கேட்க அவர் இருக்கும்போதே சொல்வோம்.