சூரிய விளக்கு மங்குவதேன்?

போச்சம்பள்ளி வட்டத்துச் சிற்றூர்களில் இன்று சூரிய ஒளி வீட்டு விளக்கையும் தெருவிளக்கையும் எரிக்கிறது. சில விளக்குகள் நள்ளிரவிற்கு முன்னரே அணைவதேன்?

12 வோல்ட் ஈய அமில பாட்டரி முழுதும் நிறைய ஏறத்தாழ 14.4 வோல்ட் அழுத்தம் தேவை. மேட்டிலிருந்தே வயலுக்கு நீர் பாயும், மின்சாரமும் அவ்வாறே. புளியமர நிழலும், கோடை வெப்பமும், மெல்லிய நீண்ட கம்பியும் அழுத்தத்தைக் குறைக்கும். அது பாட்டரியின் அழுத்தத்திற்குக் கீழ் இறங்கினால், மின்சாரம் பின்னோக்கிப் பாயாதவாறு கட்டுப்படுத்தும் கருவி மடையை அடைத்துவிடும். அழுத்தத்தை உயர்த்தித் தரும் கருவியும் உண்டு. ஆயின் ஏற்றம் கிணற்று நீரைப் பெருக்காததுபோல், அதுவும் மின்சக்தியைப் பெருக்காது. அழுத்தம் கூடும், மின்னோட்டம் குறையும். நாள்தோறும் அரைகுறையாய் நிறையும் பாட்டரியினுள் உப்புப் படிந்து ஆயுள் குன்றும்.

ஆகவே, புதிய பாட்டரிக்குத் தீர்மானம் இயற்றுமுன், நிழல்தரும் கிளையைக் கழித்து, தகட்டைத் துடைத்து, கம்பி இணைப்புகளை இறுக்கிப் பார்க்க ஊராட்சி உறுப்பினர்கள் ஆவன செய்தல் வேண்டும்.