தவிட்டோடு போன சத்து

சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறிவிட்டால் மட்டும் உடலுக்குச் சக்தி கிடைத்துவிடாது. குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும். அங்கிருந்து அடுத்த படியைத் தாண்ட வைட்டமின் பி1, அதாவது தயமின், வேண்டும். கூடவே மெக்னீசியமும் வேண்டும். தயமின் வற்றினால் நரம்பும் இதயமும் தளரும். அதுதான் பெரிபெரி நோய்.

இதைக் காட்டிக்கொடுத்தவை கோழிகள். 1890களில் ஜாவாவின் பட்டேவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். சோற்றில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே அவர் முதலில் எண்ணினார். கோளாறு அரிசியில் இருந்ததில் அல்ல, தவிட்டோடு போனதில் என்பது பிறகுதான் தெளிவானது. 1926இல் அதே ஊரில் யான்சென், டொனாத் என்ற இரு ஆய்வாளர்கள் தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசியின் பெருமை அது. வடித்த கஞ்சியைக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 மில்லிகிராம் போதும். குறைபாடு உள்ளவர்களுக்கு, முக்கியமாக நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு, தயமின் மருந்து உயிர் காக்கும். மற்றவர்கள் விழுங்கும் மாத்திரையில் மிகுந்தது சிறுநீரோடு வெளியேறிவிடும்.