கொடுவா மீனுக்கு எந்தத் தூண்டில் முள் சரி? கடையில் வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

மீன் கடிச்சது தெரியுது. நரம்பு விறைக்குது. ரெண்டு இழுப்பு இழுத்ததும் சட்டென்று கனம் குறைஞ்சு, கையில் வருவது நிமிர்ந்து போன வெறும் முள். கொடுவாவுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய யாருக்கும் இந்த ஏமாற்றம் புதிதல்ல. நரம்பு சரியில்லை, நேரம் சரியில்லை என்று பழி போடுவோம். பல நேரம் தப்பு இருப்பது சில ரூபாய் விலையுள்ள அந்த முள்ளில்தான்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் இளைஞர்கள் இப்போது அதிகம் பார்ப்பது 'பாஸ் ஃபிஷிங்' வீடியோக்களை. அமெரிக்கர்கள் அதில் பிடிப்பது பெரும்பாலும் ஏரியில் வாழும் நன்னீர் மீன். நம்ம ஊர் 'பாஸ்' என்றால் அது கொடுவா. ஆசியக் கடல் பாஸ் என்பதும், ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். ஏரி மீனுக்குப் பரிந்துரைக்கும் மெல்லிய முள்ளை வாங்கிக்கொண்டு புன்னக்காயலுக்குப் போனால் என்ன ஆகும்? முதல் பத்தியைத் திரும்பப் படிங்க.

கொடுவா எப்படிப்பட்ட மீன்?

முள்ளைத் தேர்வு செய்வதற்கு முன் மீனின் வாயைத் தெரிஞ்சுக்கணும். கொடுவாவுக்கு வாய் பெரியது. இரையைக் கடித்துத் துண்டாக்காது. வாயைப் பொளேர் என்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். வாயின் உட்புறம் எலும்பு மாதிரி கெட்டி. ஊளி, வஞ்சிரம் போல நரம்பை அறுக்கும் பற்கள் இதற்கு இல்லை. ஆனால் செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. வெறும் விரலால் அங்கே தூக்கினால் ரத்தம்தான்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் போன்ற கழிமுகங்கள் கொடுவாவுக்குப் பிடித்த இடம். வளர்வது உவர்நீரிலும் ஆற்றிலும், முட்டையிடுவது கடல் பக்கம். இன்னொரு ஆச்சரியமான விஷயமும் உண்டு. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ச்சியடைந்து, பல கிலோ எடைக்கு வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகின்றன. அதனால் ஆளுயரக் கொடுவாவோடு போட்டோ எடுக்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடிய பெண் மீன். இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

எண்ணில்தான் முதல் குழப்பம்

கடையில் போய் "பெரிய நம்பர் முள் கொடுங்க" என்று கேட்டால் சின்ன முள் கிடைக்க வாய்ப்பு உண்டு. சாதாரண எண்களில் எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். 10-ஐ விட 6 பெரிசு, 6-ஐ விட 2 பெரிசு. 1-க்குப் பிறகு கணக்கு அப்படியே தலைகீழ். 1/0, 2/0, 3/0 என்று போகும். இங்கே எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். அதாவது 5-ஆம் எண் முள்ளும் 5/0 முள்ளும் வேறு வேறு. ஒன்றில் கிழங்கான் பிடிக்கலாம், இன்னொன்றில் கொடுவா பிடிக்கலாம்.

இதில் உலகம் முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது என்பது கூடுதல் தலைவலி. ஒரு நிறுவனத்தின் 4/0, இன்னொரு நிறுவனத்தின் 4/0-வை விடப் பெரிதாக இருக்கலாம். எண்ணை மட்டும் நம்பாமல் முள்ளைக் கையில் எடுத்து, முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்க. இரையைக் கோத்த பிறகும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கணும். இரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் மீன் கடித்தாலும் முனை தைக்க வழியில்லை.

கழிமுகத்தில் கிடைக்கும் சின்னக் கொடுவாவுக்கு, உயிர் இறால் போட்டால் 1/0 அல்லது 2/0 போதும். உயிர் மடவை போட்டு 3 கிலோ, 5 கிலோ மீனுக்குக் காத்திருப்பவர்கள் 4/0 முதல் 6/0 வரை போகலாம். மடவையின் அளவுக்கு முள், முள்ளின் அளவுக்கு நரம்பு என்று போகணும். பெரிய முள்ளில் சின்ன இறாலைக் கோத்தால் அது நீந்தாது, தொங்கும். கொடுவா தொங்குகிற இரையைத் திரும்பிப் பார்ப்பது அரிது.

கம்பியின் தடிமன்

பாக்கெட்டில் 2எக்ஸ், 4எக்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. கம்பி எவ்வளவு தடிமன் என்பதற்கான குறி அது. 2எக்ஸ் ஸ்ட்ராங் என்றால், அதே அளவில் இருந்தாலும் இரண்டு அளவு பெரிய முள்ளின் கம்பியில் செய்தது என்று அர்த்தம். பிளாஸ்டிக் மீன் பொம்மை வீசிப் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். விலை குறைந்த பொம்மைகளில் வரும் மூணு முள் கொக்கி, ஏரி மீனை மனதில் வைத்துச் செய்தது. கொடுவா ஒரு துள்ளு துள்ளித் தலையை உதறினால் நிமிர்ந்துவிடும். பொம்மையை வைத்துக்கொண்டு கொக்கியை மட்டும் தடிமனாக மாற்றுவது நல்ல செலவு.

வளைவுப் பகுதியைப் பக்கவாட்டில் பாருங்க. அங்கே கம்பி உருண்டையாக இல்லாமல் லேசாகத் தட்டையாக அடிக்கப்பட்டிருந்தால் அது பலமான முள். கரண்டியைச் சம்மட்டியால் அடித்துப் பலப்படுத்துகிற அதே வேலைதான்.

தடித்த முள்தான் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டுகளை 'பார்' என்பார்கள். தொலையிரம் பார் மாதிரி பெயர் வைத்து, ஒரு காலத்தில் முத்துச்சிப்பி எடுத்த இடங்கள். (அரசு நடத்திய முத்துக்குளித்தல் கடைசியாக 1961-ல் நடந்தது.) களவா, விளமீன் தேடி இந்தப் பார்களின் மேல் கைத்தூண்டில் இறக்கினால் முள் பாறையில் மாட்டிக்கொள்வது சகஜம். அங்கே கொஞ்சம் இளகிய கம்பி முள் இருந்தால், பலமாக இழுக்கும்போது முள் மட்டும் நிமிர்ந்து, ஈயமும் நரம்பும் தப்பிக்கும். கெட்டி முள் என்றால் மொத்தமும் போச்சு.

கருப்பா, வெள்ளியா, எவர்சில்வரா?

முள் பெரும்பாலும் கார்பன் கலந்த எஃகில் செய்யப்படுகிறது. மேலே இருப்பது பூச்சுதான். பழுப்பு நிற வெண்கலப் பூச்சு நன்னீருக்கு ஏற்றது. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழிமுகத்துக்கும் கடலுக்கும் வெள்ளீயம் அல்லது நிக்கல் பூசியது நல்லது. ஒருநாள் நனைந்த முள்ளை அப்படியே புது முள்ளோடு டப்பாவில் போடாதீங்க. அந்த உப்பு ஈரம் போதும், டப்பா முழுக்கத் துரு ஏறிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, தனியாக வைக்கணும்.

எவர்சில்வர் முள் துருப்பிடிக்காது என்பதால் பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள். என் பார்வையில் கொடுவாவுக்கு அது இரண்டாவது தேர்வுதான். நல்ல கார்பன் எஃகு முனை தரும் கூர்மை பொதுவாக அதில் வருவதில்லை. அதோடு, நரம்பு அறுந்து மீன் முள்ளோடு தப்பிவிட்டால், சாதாரண எஃகு நாளடைவில் அரித்து உதிரும். எவர்சில்வர் அந்த மீனின் வாயிலேயே வெகுகாலம் கிடக்கும்.

கூர்மையைச் சோதிக்கக் கருவி வேண்டாம். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல் சாய்த்து இழுத்துப் பாருங்க. நகத்தில் பிடித்தால் கூர்மை, வழுக்கினால் மொட்டை. நரம்பு கட்டும் காது முழுசாக மூடியிருக்கிறதா என்றும் பார்க்கணும். அங்கே சின்ன இடைவெளி இருந்தாலும் அது நரம்பை அறுத்துவிடும். முள்ளை ஒரு மரக்கட்டையில் குத்தி இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. லேசாக விரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல எஃகு. விரிந்தபடியே நின்றால் மென்மை, பட்டென்று ஒடிந்தால் சூடேற்றியதில் கோளாறு. ஒரு பாக்கெட்டில் ஒரு முள்ளை இப்படிப் பலி கொடுப்பது நஷ்டமில்லை.

பிராண்டைப் பொறுத்தவரை நார்வேயின் மஸ்டாட் 1877 முதல் முள் செய்கிறது. ஜப்பானின் ஓனர், கமகட்சு ஆகியவை கூர்மைக்குப் பேர் போனவை. ஆனால் பெரிய பெயர் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். உதிரியாகக் கொட்டி விற்பதை வாங்கினால் மேலே சொன்ன சோதனைகள்தான் துணை.

வட்ட முள் ஏன் பேசப்படுகிறது?

நமக்குப் பழகியது ஆங்கில 'ஜே' எழுத்து வடிவ முள். இதில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கணும். குறுந்தொகையில் மீனெறி தூண்டிலார் என்று ஒரு புலவர் உண்டு. யானை வளைத்துவிட்ட மூங்கில், மீன் மாட்டிய தூண்டில் கோல் போல விசையோடு மேலே எழுகிறது என்று பாடியதாலேயே அந்தப் பெயர் வந்தது. அந்த வேகம் ஜே முள்ளுக்குத் தேவை.

வட்ட முள்ளில், அதாவது சர்க்கிள் ஹூக்கில், முனை உள்நோக்கித் தண்டைப் பார்த்தபடி திரும்பியிருக்கும். இதில் வெட்டி இழுத்தால் இரை வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓட விடணும். நரம்பு இறுகும்போது முள் தானாகச் சுழன்று வாயோரத்தில் தைக்கும். தொண்டைக்குள்ளோ குடலிலோ மாட்டுவது வெகுவாகக் குறைவு. பழக்கத்தில் கை வெட்டத்தான் பார்க்கும், ஆரம்பத்தில் நாலைந்து மீன் தப்பும்.

இது வெறும் வசதி சம்பந்தப்பட்டது இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் வரிப்பாஸ் மீன்கள் குறைந்ததால், 2021 முதல் இயற்கை இரை போட்டு அதைப் பிடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வட்ட முள்தான் பயன்படுத்தணும் என்று கட்டாயமாக்கினார்கள். அட்லாண்டிக்கில் ஆயிரக்கணக்கான முள் கட்டிய நீள்தூண்டில் படகுகளுக்கு 2004-லேயே விதி வந்துவிட்டது. காரணம், கடல் ஆமைகள் ஜே முள்ளை விழுங்கி இறந்தன. மன்னார் வளைகுடாவிலும் ஆமைகள் உண்டு. நம் நாட்டில் கடல் ஆமைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படுகின்றன.

கொடுவாவின் கணக்கும் இங்கேதான் வருகிறது. அரைக் கிலோ குட்டி மாட்டினால் அது இன்னும் ஒருமுறைகூட இனப்பெருக்கம் செய்திருக்காது. வாயோரத்தில் தைத்திருந்தால் கழற்றி விடலாம், பிழைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆணாக, பிறகு முட்டையிடும் பெண்ணாக அது திரும்பி வரும். குடலில் தைத்தால் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். அப்படி ஆழமாக விழுங்கிவிட்டால் முள்ளைப் பிடுங்காமல் வாய்க்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிடுவது கொஞ்சமாவது வாய்ப்பு தரும். முனைக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டுத் தூண்டில் போடுபவர்களும் இருக்கிறார்கள். நரம்பைத் தொய்ய விடாத வரை மீன் தப்பாது, கழற்றுவதும் சுலபம்.

முள்ளுக்கு மேலே சுமார் ஒரு முழம் நீளத்துக்கு 40 முதல் 60 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பு கட்ட மறக்காதீங்க. அந்தச் செவுள் பிளேடு இருக்கே, அதுக்குத்தான்.

எங்கே போடக்கூடாது?

வான் தீவு, காசுவார், காரைச்சல்லி உள்ளிட்ட தூத்துக்குடித் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தீவுகளைச் சுற்றிய பூங்கா எல்லைக்குள் தூண்டிலும் போடக்கூடாது. வ.உ.சி. துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி; அலைதடுப்புக் கல்லில் கொடுவா நிற்குது என்று யாராவது சொன்னாலும் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுவதை அது தடுப்பதில்லை.

கடைசியா ஒரு விஷயம், முள் உங்க கையில் ஏறினால். எதிர்முள் தோலுக்குள் போகாமல் நுனி மட்டும் குத்தியிருந்தால் வந்த வழியே மெதுவாக எடுக்கலாம். எதிர்முள் உள்ளே போயிருந்தால் இழுக்காதீங்க, சதையோடு வரும். நரம்பை வெட்டிவிட்டு, முள் அசையாமல் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடுவார். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்பதையும் அங்கே சொல்லுங்க.