பதனிடுதல்

வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் நாடோறும் வழங்கும் வினைச்சொல் 'பதனிடு' என்பது. ஆம்பூர்ச் சிறுவரும் அறிந்த இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தார் சிலரே.

பதன் என்பது பதம் என்பதன் போலி. அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் வருதல் போல. அடியையும் சொல்லையும் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு, இது வேறு. கன்னடர் இதனை ஹத என்பர். தெலுங்கர் பதனு என்பர். சோறு வெந்த நிலை பதம். பாகு திரண்ட நிலை பதம். மழைக்குப்பின் ஏருக்கு இசையும் மண்ணின் ஈரமும் பதமே. ஒரு பொருள் தன் பயனுக்குரிய செவ்வியை அடைதலே பதம் என்க. தோலுக்கு அச்செவ்வி யாது? பச்சைத்தோல் நனைந்திருப்பின் அழுகும், உலரின் விறைக்கும். சுண்ணாம்பால் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பன்னாள் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, அழுகாமலும் விறைக்காமலும் நிற்கும் நிலையைத் தொழிலாளர் அதற்கு இட்டனர். ஆதலின் 'இடு' என்னும் துணைச்சொல்லும் பொருளுடையதே.

யோப்பா பட்டினத்துச் சீமோனைத் தமிழ் விவிலியம் தோல் பதனிடுகிறவன் என்கிறது. கிரேக்க மூலத்திலோ அவன் பெயர் தோலைக் குறிக்கும் பூர்சா என்னும் சொல்லடியாகப் பிறந்தது. (நாம் பணம் வைக்கும் பர்சும் அதன் வழிவந்ததே.) ஆங்கிலத்து 'டான்' கர்வாலிமரப் பட்டையைச் சுட்டிய இலத்தீன் சொல்லினின்று வந்தது. கிரேக்கர் கண்டது தோல். ஆங்கிலர் கண்டது பட்டை. ஜெர்மானியரே நம்மொடு ஒத்தவர். அவர்தம் 'கெர்பன்' ஆயத்தமாக்குதல் என்னும் பொருளது. அதன் உறவாகிய 'கார்' உணவு வெந்த நிலையைக் குறிக்கும்.

சோற்றுக்கும் தோலுக்கும் ஒரே சொல்லை வழங்கிய நாட்டிலே, தோலைப் பதனிட்டவன் மட்டும் ஊர்ப்புறத்தே நிறுத்தப்பட்டான். இச்சொல்லில் அவ்விழிவுக்கு ஆதாரம் ஏதும் எமக்குப் புலப்படவில்லை.

1884-ஆம் ஆண்டில் அகஸ்தஸ் ஷூல்ஸ் என்பார் அமெரிக்காவில் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். நாளடைவில் இங்கும் பட்டையின் இடத்தை உப்பு பெரிதும் பற்றிக்கொண்டது. ஆங்கிலச் சொல் தன் பட்டையை இழந்தது. பொருளின் நிலையைச் சுட்டுவதாகிய நம் சொல்லுக்குக் குறையொன்றும் நேரவில்லை. குறை நேர்ந்தது கழனிக்கே. பதனிடுசாலைகளின் கழிவுநீர் பாய்ந்த பாலாற்றுப் பாசன நிலங்கள், உழவர் கூறும் அப்பழைய பதத்தை இழந்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்து, மாசு செய்தோரே அந்நிலத்துக்கு ஈடு செய்தல் வேண்டும் என்று விதித்தது.