கனம் கூடினால் பிடி இறுகும்

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறாத அந்த நேரத்தில் மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பட்டையைச் சீவியதும் பால் தாராளமாக வடியும். சொட்டுகிற பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊரில், ரப்பர் டயராகும், கையுறையாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். வாரியலையும் மாப்பையும் சுவரில் மாட்டிவைக்கும் தாங்கிக்குள் ரப்பர் செய்யும் வேலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதில் அருமையான இயற்பியல் இருக்கிறது.

தாங்கி என்பது நீளமான பிளாஸ்டிக் சட்டம். அதில் நாலைந்து பள்ளங்கள். பள்ளத்தின் ஒரு பக்கம் நேராக நிற்கும். மறுபக்கம் கீழே வர வர உள்நோக்கிச் சாயும். சாய்ந்த பக்கத்தில் ரப்பர் உறையிட்ட உருளை ஒன்று ஏறி இறங்கும். மாப்புக் கம்பை உள்ளே தள்ளினால் உருளை மேலே நகர்ந்து வழிவிடும். கையை எடுத்ததும் கம்பு ஒரு நூலளவு இறங்கும். உருளையும் கூடவே உருண்டு, இடம் குறுகும் பக்கம் போய் இறுகிக்கொள்ளும். எடுப்பதற்குக் கம்பைச் சற்றுத் தூக்கி முன்னால் இழுத்தால் போதும். இறுக்குவதற்கு ஸ்பிரிங் வேண்டாம், பூட்டு வேண்டாம்.

அப்படியானால் இறுக்கும் விசை எங்கிருந்து வருகிறது? கம்பின் எடையிலிருந்தே வருகிறது. பனையேறியின் உடல் பாரம் கால்களில் மாட்டிய தளைநாரை இழுத்து, பாதங்களை மரத்தோடு அழுத்துவதுபோல, கீழே விழப் பார்க்கும் எடையே கம்பை நெருக்கிப் பிடிக்கிறது. சாய்ந்த பக்கம் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருப்பதாகவும், எடையைக் கம்பின் இருபுறமும் பாதிப்பாதி தாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். 1 கிலோ மாப்பை உருளை ஏறத்தாழ 1.9 கிலோ எடைக்கு ஈடான விசையோடு நெருக்கும். 2 கிலோ மண்வெட்டியை மாட்டினால் நெருக்கமும் 3.7 கிலோவாக உயர்ந்துவிடும்.

இதைவிட வியப்பானது, வழுக்குமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்பது. உருளையும் மற்றப் பரப்பும் தொடும் இடத்தின் உராய்வுக் குணகம், சாய்வில் பாதியான 15 பாகையின் டேன் மதிப்பைவிட, அதாவது 0.27-ஐவிட, அதிகமாக இருந்தால் போதும். ஒட்டடைக் கம்பானாலும் மண்வெட்டியானாலும், பிளாஸ்டிக் உடையாதவரை நிற்கும். 0.27-க்குக் கீழே போனால் இறகுபோல் லேசான கம்பும் வழுக்கும். பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர், ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் எஞ்சினைப் பற்றிக்கொள்வதும் இப்படி ஆப்புப்போல் இறுகும் உருளைகளால்தான்.

வழவழப்பான பிளாஸ்டிக் உருளைக்கு 0.27-ஐ எட்டுவதே பாடு. உலர்ந்த மரத்தின்மீது ரப்பர் 0.5-ஐச் சுலபமாகத் தாண்டும். உராய்வு எடைக்கு ஏற்பவே கூடும், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல என்று பிரான்ஸின் அமோந்தோன் 1699-இல் விதி வகுத்தார். ரப்பர் அந்த விதிக்கு முழுதாக அடங்காது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் கம்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இறுகிய பொருள்கள் அந்த மேடுகளின் முனைகளை மட்டும் தொட்டு நிற்கும். ரப்பரோ பள்ளங்களுக்குள் நெளிந்து இறங்கி, தொடும் பரப்பைப் பெருக்கிக்கொள்ளும். சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறு இழைகள் அந்த நெளிவைத் தருகின்றன. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து நிலைப்படும் என்பதை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். இன்று பல தாங்கிகளில் செயற்கை ரப்பர்தான் இருக்கிறது. பிடிக்கும் விதம் அதே.

சட்டம் சுவரில் நிற்பதும் உராய்வால்தான். துளைக்குள் செருகும் ரால் பிளக், திருகு உள்ளே போகப் போக விரிந்து சுவரை நெருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்கள் பொருத்துவதற்காக ஜான் ராலிங்ஸ் உருவாக்கியது அது.

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் இந்தத் தாங்கியின் பயன் பெரிது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் உளுக்கவைக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரத் தரையில் சாய்த்துவைத்த கம்பு அடியிலிருந்து நீரை உறிஞ்சும். அந்தரத்தில் தொங்கும் மாப்பின் நூல்கள் எல்லாப் பக்கமும் காற்றுப் பட்டு உலரும். வாரியலின் நுனியும் வளைந்து படியாது. நீண்ட கம்பு இல்லாத ஈர்க்கு வாரியலுக்கு மட்டும் கயிற்று வளையமும் ஆணியுமே பொருத்தம்.

வாங்கும்போது சட்டத்தின் நிறத்தைவிட உருளையைக் கவனியுங்கள். பெருவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கித் திரும்ப வேண்டும். கம்பில் சோப்புத் தண்ணீர் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நீர்ப்படலம் உராய்வைக் குறைத்துவிடும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்கவைக்கும். மண்ணெண்ணெய் அதை ஊதவைக்கும். உருளை இறுகிப் பளபளக்கத் தொடங்கினால், சட்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கம்பு நழுவும். அப்போது மாற்ற வேண்டியது உருளையைத்தான்.