அச்சம் அகற்றும் அறிவு

நுழையும்முன்
நோய்க்கு அஞ்சுவது இயல்பு. நோயைப் பற்றிப் பேசவே அஞ்சினால், அந்த அச்சமே நோய் பரவத் துணைபுரியும். பாலுறவால் பரவும் தொற்றுகளைப் பற்றிய தெளிவை இப்பாடம் தருகிறது.

பீளமேட்டிலிருந்து கோவை நகருக்குள் செல்வோர் பிளேக் மாரியம்மன் கோயிலைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையைத் தாக்கியபோது, மக்கள் தம் துயரை ஊரறிய அம்மனிடம் முறையிட்டனர் என்பதற்கு அக்கோயில் சான்று. ஆனால், மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்கும் நோய்களும் உள்ளன. பாலுறவால் பரவும் தொற்றுகள் அத்தகையவை.

தயக்கத்தை வென்ற ஆய்வு
1986ஆம் ஆண்டு. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்றே பலரும் எண்ணியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், எச்.ஐ.வி. கிருமி இங்கு உள்ளதா என ஆராயுமாறு முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவைத் தூண்டினார். முதலில் தயங்கிய நிர்மலா, கணவர் அளித்த ஊக்கத்தால் பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் தொற்றின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. அப்பெண்களும் பிறரிடமிருந்தே அத்தொற்றைப் பெற்றனர். எனவே, அவர்களைப் பழிப்பது அறமாகாது.

ஆணுறையின் பயனும் எல்லையும்
பாலுறவின்போது உடல்நீர்கள் கலவாமல் தடுப்பதால், எச்.ஐ.வி., கொனோரியா போன்ற தொற்றுகளிலிருந்து ஆணுறை சிறந்த பாதுகாப்பளிக்கிறது. தேவையற்ற கருவுறுதலையும் தடுக்கிறது. காலாவதி நாளைக் கவனித்தல், ஒன்றை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தல், வெப்பம் படாமல் வைத்தல் ஆகியன இன்றியமையாதவை. எண்ணெய்ப் பொருள்கள் ரப்பர் உறையை நலியச் செய்யும். தோல் உரசலால் பரவும் ஹெர்பிஸ் முதலியவற்றை ஆணுறை முற்றிலும் தடுப்பதில்லை.

ஐயம் எழுந்தால்
கைகுலுக்குவதாலோ, உடன் உண்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது. பல பாலியல் தொற்றுகள் அறிகுறியின்றியே உடலில் தங்கும்; எனவே, தோற்றத்தைக் கொண்டு எவரையும் முடிவுசெய்ய இயலாது. பரிசோதனையே உண்மையைக் காட்டும். தொற்று நேர்ந்திருக்கலாம் என்று ஐயுறுவோர் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகினால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பெற வழியுண்டு. மிக விரைவில் செய்யும் சோதனையில் தொற்று புலப்படாமல் போகலாம். மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விவரங்கள் மறைவாகக் காக்கப்படுகின்றன. 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஐயங்களைக் கேட்கலாம். சிபிலிஸ், கொனோரியா ஆகியவை மருந்தால் குணமாகும். எச்.ஐ.வி. தொற்றுடையோர் கூட்டுமருந்தைத் தவறாது உட்கொண்டால் நெடுநாள் நலமாக வாழலாம். அவர்களைக் கல்வியிலும் பணியிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

நிர்மலா தயங்கி நின்றிருந்தால், ஆறு பெண்களின் குருதியில் இருந்த உண்மை மேலும் பல நாள் மறைந்தே இருந்திருக்கும். கேட்க வேண்டியதை உரியவரிடம் கேட்பது நாணத்திற்குரியதன்று.

கற்பவை கற்றபின்
‘நோயைத் தடுப்போம், நோயுற்றோரை ஒதுக்கோம்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.