விளக்கு வைக்கும் நேரம் வண்டிக்கும் உண்டு
இரவுப் பயணத்தில் உழவர்கள் கவனிக்க வேண்டியவை

மல்லிகை பயிரிட்டவருக்கு விடியும் வரை உறங்கும் வழக்கம் இல்லை. மொக்கு விரிவதற்கு முன் பறித்தாக வேண்டும். பறித்த பூ வாடுவதற்கு முன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கத்துச் சாலைகளில் விடியற்கருக்கலில் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு மொபெட்டுகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். கறவை மாடு வைத்திருப்பவர் அதே நேரத்தில் பால் கேன்களுடன் சங்கத்துக்குப் புறப்படுகிறார். காய்கறி போட்டவர் உழவர் சந்தையில் இடம் பிடிக்க விரைகிறார். மாலையில் மோட்டார் போடவும், மடை மாற்றவும், காட்டுப்பன்றிக் காவலுக்கும் வயலுக்குச் செல்பவர்கள் இரவில்தான் திரும்புகிறார்கள்.

1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 வந்த பிறகு, மாட்டு வண்டியும் மிதிவண்டியும் செய்த வேலையில் பெரும் பகுதியை மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் ஏற்றுக்கொண்டன. இன்று சிறு விவசாயியின் வீட்டில் மண்வெட்டியைப் போலவே இரு சக்கர வாகனமும் ஒரு கருவி. ஆனால் தெளிப்பானின் முனையைக் கழற்றித் துடைக்கும் விவசாயி, தன் வண்டியின் பின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அரிது. உழைப்பவர் ஒருவரே உள்ள குடும்பத்தில் அவர் ஆறு மாதம் படுத்துவிட்டால், நிற்கும் பயிரும் வாங்கிய கடனும் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்தச் சிறு விஷயத்தைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது.

விளக்கு யாருக்காக?

"எனக்கு வழி நன்றாகத் தெரிகிறது, விளக்கு எதற்கு?" என்பது பலரும் சொல்லும் பேச்சு. பழகிய பாதை, நிலா வெளிச்சம், ஊருக்குள் தெரு விளக்கு ஆகியவை இருந்தால் விளக்கில்லாமலே ஓட்டிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் முகப்பு விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஓட்டுபவருக்கு வழி காட்டுவது ஒன்று. எதிரே வருபவருக்கு அவரைக் காட்டுவது மற்றொன்று. நிலா வெளிச்சம் முதல் வேலையை ஓரளவு செய்யும். இரண்டாவது வேலையைச் செய்யாது. தன் விளக்கொளியிலேயே கண் பழகிவிட்ட லாரி ஓட்டுநருக்கு, அந்த ஒளிக்கு வெளியே நிலவில் செல்லும் மொபெட் தெரிவதில்லை.

அந்தி நேரம் இன்னும் மோசமானது. இருட்டு சிறிது சிறிதாகக் கவிவதால் கண்ணும் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்கிறது. வெளிச்சம் போய்விட்டது என்பதே ஓட்டுபவருக்கு உறைப்பதில்லை. விளக்கு போட மறப்பவர்களில் பலர் நள்ளிரவில் மறப்பதில்லை. இந்த அரை மணி நேரத்தில்தான் மறக்கிறார்கள்.

புதிய வண்டியும் பழைய வண்டியும்

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக வரும் இரு சக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்புற விளக்கு தானே எரியும்படி அமைக்க வேண்டும் என்பது விதி. இவற்றில் பலவற்றுக்கு முகப்பு விளக்கை அணைக்கும் ஸ்விட்சே கிடையாது. சில வண்டிகளில் பகலில் எரிவது முகப்பு விளக்கு அல்ல, சிறிய பகல் விளக்கு மட்டுமே. அதை இரவுக்குப் போதும் என்று எண்ணிவிடக்கூடாது.

அதற்கு முன் வாங்கிய வண்டிகள் கிராமங்களில் இன்னும் ஓடுகின்றன. வயலுக்கும் சந்தைக்கும் பழைய வண்டி, ஊர்ப் பயணத்துக்குப் புதிய வண்டி என்று வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. தானே எரியும் விளக்குக்குப் பழகிய மகன், ஒரு நாள் அவசரத்துக்குத் தந்தையின் பழைய வண்டியை எடுக்கும்போது ஸ்விட்சைப் போட மறந்துவிடுவது இயல்பு. இரண்டு விதமான வண்டிகளும் உள்ள வீட்டில் இதை எல்லோருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.

புதிய வண்டியிலும் முழு நம்பிக்கை கூடாது. விளக்கு தானே எரிய வேண்டுமானால் பல்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும். பகலெல்லாம் எரியும் பல்பு போய்விட்டால் பகலில் அது கண்ணில் படாது. இருட்டிய பிறகு நடுவழியில்தான் தெரியவரும்.

சிக்கனம் என்னும் தவறான கணக்கு

விளக்கு போட்டால் பேட்டரி இறங்கிவிடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்று சிலர் அணைத்தே ஓட்டுகிறார்கள். பழைய மொபெட்டுகளிலும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் முகப்பு விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரத்தின் காயிலிலிருந்து வருகிறது. இவ்வகை வண்டிகளில் விளக்கை அணைப்பதால் பேட்டரிக்கு எந்த மிச்சமும் இல்லை. வேகம் குறையும்போது விளக்கு மங்குவதும், முடுக்கினால் பளிச்சிடுவதும் இதனால்தான். குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் மெதுவாகச் செல்லும்போது வெளிச்சம் மிகக் குறையும் என்பதால், ஒரு கைவிளக்கையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்ரோல் கணக்கைப் பார்ப்போம். 35 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிய ஏறத்தாழ 40 மில்லி பெட்ரோல் போதும். அரை மணி நேரப் பயணத்துக்கு 20 மில்லி. ஒரு தேநீரின் விலைகூட ஆகாது.

மழைக்காலத்தில் ஈசலும் பூச்சிகளும் முகத்தில் மோதுகின்றன என்பதற்காக விளக்கை அணைப்பவர்களும் உண்டு. நெல் வயலில் வைக்கும் விளக்குப் பொறிக்குப் பச்சைத் தத்துப்பூச்சி வந்து விழுவதைப் போல, வண்டி விளக்குக்கும் பூச்சிகள் வரத்தான் செய்யும். இதற்கு வழி, நிறமில்லாத முகக்கண்ணாடி உள்ள தலைக்கவசம் அணிவதே. விளக்கை அணைப்பது அல்ல.

மறைந்துபோகும் பின் விளக்கு

விவசாயிகளின் வண்டிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நகரத்தில் ஓடும் வண்டியில் பின் விளக்கு வெளியே தெரிகிறது. உழவரின் வண்டியிலோ பசும்புல் கட்டு, உர மூட்டை, பால் கேன், கீரைக் கட்டு, பூ மூட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். சுமை கேரியருக்குக் கீழே தொங்கினால் பின் விளக்கும் திருப்ப விளக்குகளும் முற்றிலும் மறைந்துவிடும். விளக்கு எரிந்தும் பயனில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். சுமையோடு மொபெட் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னால் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு விநாடியும் 8 மீட்டருக்கு மேல் குறைகிறது. சிவப்பு விளக்கு 150 மீட்டர் தொலைவிலேயே தெரிந்தால் லாரி ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் 18 விநாடிகள். விளக்கு மறைந்து, கருநிறப் புல் கட்டு 30 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் பட்டால், கிடைப்பது நான்கு விநாடிக்கும் குறைவு. எதிரிலும் ஒரு வாகனம் வந்தால் அவரால் விலகவும் முடியாது.

இதற்குச் செய்ய வேண்டியவை:

1. சுமையை விளக்குக்கு மேலே நிற்கும்படி உயர்த்திக் கட்ட வேண்டும். கேரியரின் அடியில் தொங்கவிடக் கூடாது. கட்டிய பிறகு பத்து அடி பின்னால் நின்று, விளக்கு முழுவதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பால் கேன், காய்கறிக் கூடை, பிளாஸ்டிக் பெட்டி போன்று தினமும் ஏற்றும் பொருள்களின் பின்புறத்தில் சிவப்பு நிற ஒளிப்பட்டை ஒட்டலாம். தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை உடையது இப்பட்டை. சாதாரணச் சிவப்புத் துணியோ பெயின்டோ இந்த வேலையைச் செய்யாது.

3. புல் கட்டுக்கும் மூட்டைக்கும் பட்டை ஒட்ட முடியாது. ஒரு சாண் நீளப் பலகையில் ஒளிப்பட்டையை ஒட்டிக் கயிறு கோத்து வைத்துக்கொண்டால், எந்தச் சுமையின் பின்னாலும் கட்டிக்கொள்ளலாம். மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் சிறிய சிவப்பு மின்கல விளக்கையும் அதில் பொருத்தலாம்.

4. ஒளிப்பட்டை சேறு படிந்தால் பயன் தராது. முகப்பு, பின் விளக்குக் கண்ணாடிகளும் அப்படியே. வயலிலிருந்து புறப்படும் முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும்.

5. கருநீலச் சட்டையும் கறுத்த கைலியும் இருட்டோடு இருட்டாகிவிடும். இரவுப் பயணத்தில் வெளிர் நிறச் சட்டை நல்லது. ஒளிப்பட்டை தைத்த மேலங்கி அதைவிட மிகவும் நல்லது.

சுமையும் விளக்கின் கோணமும்

பின்னால் சுமை ஏறினால் வண்டியின் முன்பக்கம் சற்றுத் தூக்கும். முகப்பு விளக்கின் ஒளியும் மேலே போகும். அப்போது சாலையில் வெளிச்சம் குறைந்து, எதிரே வருபவரின் கண் கூசும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து, ஒருவர் உட்கார்ந்த நிலையில் வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நேராக நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். டிம்மில் வைத்தால் ஒளி மிகுந்த பகுதி அந்தக் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் விளக்கின் திருகைச் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

மங்கலான பழைய விளக்கு சுமார் 30 மீட்டருக்குத்தான் வழி காட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் தடையைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்குள் காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 30 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டருக்கு மேல் ஓடும். ஈரச் சாலையில் இன்னும் கூடும். எனவே அத்தகைய விளக்கோடு 40-க்கு மேல் செல்வது, கண்ணை மூடிக்கொண்டு செல்வதற்கு ஒப்பாகும்.

எதிரே வாகனம் வந்தால் உடனே டிம் செய்ய வேண்டும். எதிர் விளக்கு கூசினால் அதைப் பார்க்காமல், சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தபடி வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்கழி, தை மூடுபனியில் பிரைட் போட்டால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி ஓட்டுபவரின் கண்ணையே மறைக்கும், டிம்தான் சரி.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஒற்றை விளக்கைப் பார்த்து அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கடினம். வயல் பாதையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும்போது, "என் விளக்கைப் பார்த்து லாரி வேகத்தைக் குறைக்கும்" என்று நம்பி நுழையக் கூடாது. நான்கு வழிச் சாலையில் சுற்றிவரச் சோம்பி எதிர்த் திசையில் செல்வது, எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும் ஆபத்தே.

நம்மால் பிறருக்கு நேரும் ஆபத்து

இருட்டில் இரு சக்கர வாகனத்தில் செல்பவர் மோதும் தடைகளில் சில, விவசாயிகளே வைத்தவை. பின் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு லோடு, சாலையில் காயவைத்து இரவில் கறுப்புத் தார்ப்பாயால் மூடிச் சுற்றிலும் கல் வைத்த நெல் குவியல் ஆகியவை அவற்றுள் சில. டிரெய்லரின் பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிப்பட்டை கட்டாயம் வேண்டும். பழுதாகி நின்றால் சாலையை விட்டு இறக்க வேண்டும். முடியாவிட்டால் ஒளிரும் முக்கோணத்தைச் சற்றுத் தொலைவிலேயே வைக்க வேண்டும். அடைக்கு வைத்த கல்லை எடுக்காமல் போகக் கூடாது. நெல்லைக் களத்தில் காயவைப்பதே முறை. சாலை நெல்லை இருட்டுவதற்கு முன் அள்ளிவிட வேண்டும். அந்தக் கல்லில் மோதி விழுபவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயியாகவே இருப்பார்.

கண்ணும் விளக்குதான்

60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே. கண்புரை, கண்ணாடிப் பவர் மாற்றம், சர்க்கரை நோய் ஆகியவை இரவுப் பார்வையைப் பாதிக்கலாம். எதிர் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவற்றில் இச்சத்துக்கு மூலமான பொருள் நிறைய உண்டு. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடல் அதை நன்கு ஏற்றுக்கொள்ளும். வரப்போரத்தில் நிற்கும் முருங்கையை விற்றது போக வீட்டுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

மறக்காமல் இருக்க

மறதியைக் கடிந்து பயனில்லை. பழக்கத்தால்தான் வெல்ல முடியும். கிராமத்து வீடுகளில் மாலையில் விளக்கு வைக்க யாரும் மறப்பதில்லை. வீட்டில் விளக்கு வைக்கும் நேரமே வண்டியிலும் விளக்கு வைக்கும் நேரம் என்று கொள்ள வேண்டும். சாவி, ஸ்டாண்டு, விளக்கு என்று மூன்றையும் ஒரே வரிசையில் செய்து பழகினால் நாளடைவில் கை தானே ஸ்விட்சுக்குப் போகும். புறப்படும்போது உள்ளங்கையை முகப்பு விளக்கின் முன் காட்டினால் எரிவது தெரியும். பின் விளக்கை வீட்டில் உள்ளவர் பார்த்துச் சொல்லலாம். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்கள் ஒரு நாளும் மறக்க விடமாட்டார்கள்.

வாரம் ஒரு முறை முகப்பு விளக்கில் டிம், பிரைட் இரண்டும், பின் விளக்கு, பிரேக் விளக்கு, திருப்ப விளக்குகள், ஒளிப்பட்டை, டயர் காற்று ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முகப்புக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எனக் கூடுதல் பல்புகளைப் பஞ்சில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்திருந்தால் நடுவழியில் திண்டாட வேண்டியதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. அறுவடைக் காலம் வந்தால் இரவுப் பயணமும் சுமையும் கூடும். அதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இந்த வேலைக்கு ஒதுக்கினால், சந்தைக்குச் சென்றவரும் மடை மாற்றச் சென்றவரும் நலமாக வீடு திரும்பலாம்.